விரல் மடங்குகிறதே

"வெரலு மடங்குதே, அப்புறம் என்ன?" மருத்துவக் குழுவில் இருந்தவர் கேட்டது இவ்வளவுதான். தோல்ஷாப்பு எந்திரத்தில் கை நசுங்கிய எங்கள் அண்ணனுக்கு முதலில் 25 சதவீத இழப்பு என்று எழுதினார்கள். மறுபரிசோதனையில் அது 15 ஆனது. மாதப் பணமும் அந்தக் கணக்கில் சுருங்கிப்போனது.

மேல போவோம் என்றதும் அம்மாவே தடுத்தாள். "கெடைச்சத வாங்கிக்கினு வாடா, நமக்கேன் பொல்லாப்பு?" இது அம்மாவின் பயம் மட்டுமல்ல. களத்துமேட்டில் படி குறைந்தாலும் கும்பிட்டு வாங்கிய தலைமுறைகளின் பயம். குறைத்துக் கொடுத்தவனிடம் கணக்குக் கேட்பது திமிர் என்றல்லவா நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்!

இது என்ன தருமமா? அண்ணன் சம்பளத்தில் நூறு ரூபாய்க்கு 75 காசு பிடித்தார்கள். முதலாளி கட்டிய 3.25 ரூபாயும் அவர் உழைப்பில் வந்ததுதான். கட்டியதைக் கேட்பவன் எப்படிப் பிச்சைக்காரன் ஆவான்?

கையை எதைக் கொண்டு அளப்பது? முழங்கைக்கு மேலே இடது கையை இழந்த ஒரு தச்சரின் வழக்கு 1975இல் உச்சநீதிமன்றத்தில் தீர்ந்தது. பகுதி ஊனம்தான் என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது, ஆகவே முழு இழப்பு என்றது நீதிமன்றம். எலும்பை அல்ல, வேலையை அளந்தது. அண்ணனின் விரல் மடங்கும். ஈரத்தோலை இறுக்கிப் பிடிக்காது.

குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ, காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம் என்று ஈ.எஸ்.ஐ. பற்றிய சட்டமே சொல்கிறது. போனாலும் அதே 15 திரும்பி வரலாம். வரட்டும். "எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்று நிமிர்ந்து கேட்டாக வேண்டும். கேட்காமல் வாங்கினால், அதுதான் நம் விலை என்று நாமே ஒத்துக்கொண்டதாகிவிடும்.