கை மாறிய துப்பாக்கி

பழைய பொருளை விலைக்கு வாங்குகிறவன் அந்தப் பொருளை மட்டும் வாங்குவதில்லை. அதன் பழைய வாழ்க்கையிலும் ஒரு பங்கை வாங்கிக் கொள்கிறான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஜலகண்டாபுரத்தில் ஒருவர் பழைய தறி வாங்கப் போனால், மரம் எப்படி இருக்கிறது என்று தட்டிப் பார்ப்பதற்கு முன்பே, "யார் நெய்த தறி? ஏன் கொடுக்கிறார்கள்?" என்று கேட்பார். மாடு வாங்கும்போதும், வீடு வாங்கும்போதும் இதே கேள்விதான். கடன்பட்டு நொடித்துப் போனவர் வீட்டுத் தறி என்றால், சிலர் பேரத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து விடுவார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஓர் அறிவும் மறைந்திருக்கிறது. இந்தப் பொருள் எந்தக் காரியத்துக்காக ஏற்பட்டது, எந்த ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு இருந்தது, அந்த ஒழுங்கும் அதனுடன் சேர்ந்து நம் வீட்டுக்கு வருகிறதா என்று விசாரிக்கும் அறிவு அது.

தறிக்கே இவ்வளவு விசாரணை என்றால், துப்பாக்கிக்கு எவ்வளவு வேண்டும்?

இது நான் கற்பனையில் எழுப்பிய கேள்வி அல்ல. எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்து, இப்போது அமெரிக்கக் குடிமகனாக டெக்ஸாஸ் மாகாணத்தில் வாழும் பிள்ளை ஒருவன், சில மாதங்களுக்கு முன் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினான். புதிய துப்பாக்கி அல்ல; அங்கே போலீஸார் வைத்திருந்து கழித்தது. "புதுசுன்னா ஐந்நூறு, அறுநூறு டாலர் ஆகும் மாமா. இது முந்நூத்தம்பதுக்குக் கிடைச்சுது. போலீஸ்காரங்க கையில இருந்ததுங்க, நம்பி வாங்கலாம்" என்று தொலைபேசியில் சொன்னான். சுடுகளத்துக்குப் போய் ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்தானாம். காகிதத்தில் விழுந்த துளைகளை ஒரு கையகலத்துக்குள் அடக்கி விட்டானாம். குரலில் பெருமை இருந்தது. பிறகு சற்று நேரம் பேச்சில்லை. "தப்புங்களா மாமா?" என்றான்.

அவன் நெசவாளி வீட்டுப் பிள்ளை. அவன் தகப்பனார் தெருநாயைக் கூடக் கல்லால் அடித்தவரல்ல. அதனால்தான் அந்தக் கேள்வி அவனுக்குள் எழுந்தது என்று நினைக்கிறேன். ஒரே சொல்லில் விடை சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. ஆகவே முதலில் அந்தத் துப்பாக்கி கடைக்கு வந்து சேர்ந்த வழியைப் பார்ப்போம்.

அமெரிக்கப் போலீஸார் பல தலைமுறைகளாக ஆறு தோட்டா போடும் ரிவால்வரைத்தான் இடுப்பில் கட்டிக் கொண்டிருந்தார்கள். 1986 ஏப்ரலில் மியாமி நகரில் இரண்டு கொள்ளைக்காரர்களுடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் மாண்டார்கள். ஆறு குண்டு போதாது என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. அதே சமயத்தில் ஆஸ்திரியாவிலிருந்து காஸ்டன் க்ளாக் என்பவரின் பிஸ்டல் கடல் தாண்டி வந்தது. ஜன்னல் திரைக்குக் கம்பி செய்து கொண்டிருந்த மனிதர் அவர். 1982இல் தம் நாட்டு ராணுவமே ஏற்றுக் கொள்ளும்படி ஒரு பிஸ்டலைச் செய்து விட்டார். அந்தக் கம்பெனி அமெரிக்காவில் கையாண்ட வியாபார முறை நமக்குப் புதியதல்ல. "பழைய பித்தளையைப் போட்டுப் புது எவர்சில்வர் எடுத்துக் கொள்ளுங்கள்" என்று நம் தெருக்களில் கூவிக் கொண்டு வருவார்களே, அதே முறைதான். போலீஸ் இலாகா தன் பழைய ரிவால்வர்களைக் கொடுத்துவிட வேண்டியது. மேலே கொஞ்சம் பணம் கட்டிப் புதுப் பிஸ்டல் வாங்கிக் கொள்ள வேண்டியது. பழையவை வியாபாரிகள் வழியாகப் பொதுமக்கள் கைக்குப் போயின.

அத்துடன் நிற்கவில்லை. 1990இல் 'பாயின்ட் நாற்பது' என்ற பெரிய அளவுத் தோட்டா வந்தது. இலாகாக்கள் அதற்கு மாறின. சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து எஃப்.பி.ஐ. மீண்டும் ஒன்பது மில்லிமீட்டருக்கே திரும்பியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். நாற்பது அளவுப் பிஸ்டல்கள் கட்டுக் கட்டாகக் கடைக்கு வந்தன. அந்தக் கட்டில் ஒன்றுதான் எங்கள் ஊர்ப் பிள்ளையின் மேஜை இழுப்பறைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்தத் துப்பாக்கிகளுக்கு ஒரு விசேஷம் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் இவற்றைத் தேடி வாங்குவதே அதற்காகத்தான். வெளியே பார்த்தால் முனையிலும் விளிம்பிலும் கறுப்பு மெருகு தேய்ந்து இரும்பு வெளுத்திருக்கும். குழலுக்குள் பார்த்தால் ஏறக்குறையப் புதிது! தோல் உறையில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து மேலே தேய்ந்திருக்கிறதே தவிர, சுட்டுத் தேயவில்லை. சிலவற்றில் இருட்டில் குறி பார்ப்பதற்காக டிரிடியம் என்ற வாயுவை அடைத்த சிறு பொட்டுகள் ஒளிரும். 12 ஆண்டுகள் சென்றால் அந்த ஒளி பாதியாகிவிடும். கடைக்கு வரும் பழைய பிஸ்டல்களில் பெரும்பாலும் அது அணைந்தே போயிருக்கும். காத்திருந்தே ஒளி இழந்த துப்பாக்கிகள் அவை. அமெரிக்கப் போலீஸாரிடம் எடுத்து 2017இல் வெளியான ஒரு கணிப்பில், பயிற்சிக் களத்துக்கு வெளியே கடமையின்போது ஒரு முறையேனும் சுட்டிருப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 27 பேர்தான். மற்றவர்கள் சுமந்தார்கள், சுடவில்லை.

தேய்ந்த மேனியும் தேயாத குழலுமாக வந்து நிற்கிற இந்தத் துப்பாக்கிதான் போலீஸ் உத்தியோகத்தின் நல்ல சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது. சுடாமல் இருப்பதற்காகச் சுமக்கப்பட்ட ஆயுதம் அது. சுடாமல் இருக்க வைத்தது எது? இரும்பு அல்ல. அதைச் சுற்றி இருந்த ஏற்பாடு. எந்த ஊர்ப் போலீஸ் நிலையத்திலும் துப்பாக்கிக்கு நம்பர் உண்டு, லெட்ஜர் உண்டு. வாங்கும்போது ஒரு கையெழுத்து, திருப்பிக் கொடுக்கும்போது ஒரு கையெழுத்து. ஒரு தோட்டா குறைந்தால் விசாரணை. சுட்டால், ஏன் சுட்டாய் என்று கேட்க மேலே ஒருவர். அவரைக் கேட்க அவருக்கு மேலே ஒருவர்.

"அந்த ஏற்பாடு அவ்வளவு யோக்கியமானதா?" என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சேலத்துக்காரன் ஒருவன் அந்தக் கேள்வியை மறந்துவிட்டு எழுத முடியாது. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி, சேலம் மத்திய சிறைக்குள் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுக் கைதிகளில் 22 பேர் சர்க்கார் துப்பாக்கிகளுக்கு இரையானார்கள். லெட்ஜரில் நம்பர் ஏறிய துப்பாக்கிகள்தான் அவை. நம்பர் போட்டுவிட்டால் குண்டு தர்மம் அறிந்து பாயும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த 22 உயிர்களுக்காக யாரைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிகிறது. பதில் நியாயமாக வருகிறதோ இல்லையோ, பதில் சொல்ல வேண்டியவர் இருக்கிறார். ஒரு சமுதாயம் தன் காவலர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பது அந்த ஒரு நிபந்தனையின் மேல்தான்.

இப்போது பாருங்கள். விற்பனையில் துப்பாக்கி கை மாறுகிறது. அந்த நிபந்தனை கை மாறுகிறதா? லெட்ஜரில் 'கழிக்கப்பட்டது' என்று ஒரு வரி எழுதினதும், கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இரும்பு மட்டும் வெளியே வருகிறது. 2024இல் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் சிலர் வழக்காடிப் பெற்ற சர்க்கார் கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். 2006 முதல், ஒரு காலத்தில் போலீஸாருடையதாக இருந்த 52,000க்கு மேற்பட்ட துப்பாக்கிகள் குற்றங்களின் தொடர்பில் அகப்பட்டிருக்கின்றன. களவு போனவை, காணாமற்போனவை அதில் உண்டு. ஆனால் இலாகாக்களே காசுக்காகக் கொடுத்தவையும் ஏராளம். எந்தத் தெருவைக் காப்பதற்காக அது வாங்கப்பட்டதோ, அதே போன்ற ஒரு தெருவில் அது எதிர்ப்பக்கத்துக் கையில் இருந்திருக்கிறது.

விற்கிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. "ஜனங்களின் வரிப்பணத்தில் வாங்கிய பொருளை உருக்கிப் போடுவது வீண் அல்லவா? நாங்கள் விற்காவிட்டால் வாங்குகிறவன் புதியதை வாங்கப் போகிறான். குற்றம் செய்கிறவன் குற்றத்துக்கு நாங்களா பிணை?" என்று கேட்கிறார்கள். இதைவிடப் பெரிய வாதம் ஒன்றும் உண்டு: ஆயுதம் இல்லாத ஜனங்கள் அடிமைகள் என்பது. நம் நாட்டுக்கு அந்த வாதம் புதிதல்ல. லிட்டன் பிரபு காலத்தில், 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியனை லைசென்ஸ் கேட்க வைத்தது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே 1918இல் அந்தச் சட்டத்தை வன்மையாகக் கண்டித்திருக்கிறார்.

அந்தக் காந்தியடிகளின் மேல் 1948 ஜனவரி 30ஆம் தேதி பாய்ந்த குண்டுகள் ஒரு பெரெட்டா பிஸ்டலிலிருந்து வந்தவை. இத்தாலிய ராணுவத்துக்கென்று ஏற்பட்ட ரகம் அது. குவாலியரில் கைக்குக் கை மாறி, கடைசியில் கொலையாளியின் கைக்கு வந்தது. வழியில் அதைத் தொட்டவர்களில் எத்தனை பேர், "நான் விற்றேன், அவ்வளவுதான், எனக்கும் அதற்கும் என்ன?" என்று சொல்லிக் கொள்ள முடியும்! பழைய சாமான் வியாபாரத்தின் பெரிய சௌகரியம் அதுதான். ஒவ்வொரு கையும் தன் பங்குப் பொறுப்பை அடுத்த கைக்குத் தள்ளிவிட்டுக் கழுவிக் கொள்கிறது. தறி விஷயத்தில் அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. தறி அடுத்தவன் வீட்டிலும் புடவைதான் நெய்யும். துப்பாக்கி அடுத்தவன் வீட்டில் என்ன செய்யும் என்று எந்தக் கை அறியும்?

இனி வாங்கியவனுக்கு வருகிறேன். குறி பார்த்துச் சுடுவதில் ஓர் ஆனந்தம் இருக்கிறது. அதை நான் பாவம் என்று சொல்ல மாட்டேன். மூச்சை அடக்கி, கண்ணையும் கையையும் ஒரு புள்ளியில் நிறுத்துவது ஒருவகை யோகம். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாகர் என்ற பெண் ஏர் பிஸ்டலைக் கொண்டு நாட்டுக்கு இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வாங்கிக் கொடுத்தபோது நாமெல்லோரும் மகிழவில்லையா? அவனுடைய காகிதத் துளைகளில் எனக்கு வருத்தமில்லை. அவன் போகிற போக்கில் சொன்ன இன்னொரு சொல்தான் உறுத்துகிறது. "கையில எடுத்தா, போலீஸே வீட்ல இருக்கிற மாதிரி ஒரு தைரியம் மாமா" என்றான்.

அங்கேதான் அவன் ஏமாந்து போகிறான். போலீஸ் வீட்டில் இல்லை. போலீஸ்காரருடைய பயிற்சி, பக்கத்தில் நிற்கும் துணை ஆள், மறுநாள் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம், இவை எதுவும் முந்நூற்றைம்பது டாலரில் அடக்கமில்லை. நடு இரவில் கதவருகே சத்தம் கேட்டால் இருப்பது அவன், இருட்டு, துப்பாக்கி. வெளியிலிருந்து வரும் ஆபத்தை மட்டும் எண்ணி வாங்குகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டவர்கள். மனம் ஒடிந்த ஓர் இரவு எந்த வீட்டுக்கும் வரும். அந்த இரவில் இழுப்பறை காலியாக இருப்பதே பெரிய காவல்.

அவனுக்கு நான் இதையே சொன்னேன். "வாங்கினது தப்பில்லை தம்பி. ஆனால் போலீஸ்காரர் வைத்திருந்த மாதிரி உன்னால் வைத்திருக்க முடியுமா என்று பார். பூட்டு ஒரு பக்கம், தோட்டா ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம். தோட்டாக்களை எண்ணி ஒரு நோட்டில் எழுது. உன் மனைவிக்கு அந்த நோட்டைக் காட்டு. கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கட்டும். அது முடியாது என்றால், சுடுகளத்தில் வாடகைத் துப்பாக்கி கிடைக்குமே, அங்கே போய்ச் சுடு" என்றேன். அவன் என்ன செய்யப் போகிறான் என்பது அவனுடைய காரியம்.

ஆனால் விற்ற சர்க்காரின் காரியம் நம்முடைய விசாரணைக்கு உரியது. நம் நாட்டில் போலீஸ் கழித்த துப்பாக்கியைக் கடையில் வைத்துப் பொதுமக்களுக்கு விற்கும் வழக்கம் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி கூடாது என்கிறது. 2019இல் வந்த திருத்தம், லைசென்ஸ் உள்ளவருக்கும் இரண்டுக்கு மேல் கூடாது என்று குறைத்தது. தேர்தல் வந்தால், காட்டுப்பன்றிக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயி கூட அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருகிறார். சங்கடம்தான். ஆனால் துப்பாக்கி முழுக்க நம்முடையதல்ல, நாலு பேருக்குக் கட்டுப்பட்டது என்ற நினைப்பை அந்த ரசீது உண்டாக்குகிறது. 2020 குடியரசு தினத்தன்று உத்தரப் பிரதேசப் போலீஸார் பல்லாண்டுகளாகச் சுமந்த 303 ரைபிளுக்கு அணிவகுப்பில் வைத்து விடை கொடுத்தார்கள். ஆயுதத்துக்கும் ஓர் ஓய்வு உண்டு என்று ஒப்புக் கொள்ளும் செயலாகவே எனக்கு அது பட்டது.

எங்கள் சேலத்துப் பக்கம் முனியப்பன் கோயில்களில் வேலும் அரிவாளும் நேர்ந்து நட்டு வைத்திருப்பார்கள். மழையிலும் வெயிலிலும் அவை துருவேறி நிற்கும். நல்ல இரும்பு வீணாகிறதே என்று யாரும் அவற்றைப் பிடுங்கிக் கொண்டு போய் வாழை வெட்டுவதில்லை, விலை பேசுவதுமில்லை. காவலுக்கென்று கொடுத்தது காவலிலேயே முடிய வேண்டும் என்று படிக்காத கிழவிக்கும் தெரிந்திருக்கிறது.

சர்க்கார் தன் மேஜை நாற்காலியை ஏலம் போடலாம். பழைய ஜீப்பை ஏலம் போடலாம். வாங்குகிறவர் சாமர்த்தியம், ஓட்டிக் கொள்வார். துப்பாக்கியை ஜனங்கள் சர்க்காரிடம் கொடுத்தது சொத்தாக அல்ல, நம்பிக்கையாக. நம்பிக்கையை உருக்கினால் சில ஆயிரம் டாலர் நஷ்டம். அதை விற்றுவிட்டால், பிறகு அது கேட்பாரற்ற இரும்பு.