நஞ்சை அகற்றுவது யார் கடன்?

ஒருவர் கொட்டிய நஞ்சை இன்னொருவர் அள்ளுகிறார். அள்ளுகிறவரோ அந்த நஞ்சு சூழ்ந்த தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், வேலையற்றவர், வறியவர். அவருக்கு அவ்வேலையை முறையாகக் கற்பித்து நல்ல கூலியும் கொடுத்தால், அவருக்கு நீதி செய்தவர்களாவோமா? அல்லது பழைய அநீதிக்குப் புதுப்பெயர் சூட்டியவர்களாவோமா? அமெரிக்க நகரங்களில் முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு பணி இக்கேள்வியை நம் முன் நிறுத்துகிறது.

சிக்காகோ மாநகரின் தென்பகுதியில் ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் என்னும் குடியிருப்பு உள்ளது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய கறுப்பின வீரர்களின் குடும்பங்களுக்காக 1945-இல் எழுந்தது. பெயரில்தான் தோட்டம், சுற்றிலும் குப்பை மேடுகளும் எஃகு ஆலைகளும் கழிவுநீர் நிலையமும் இருந்தன. 1969-இல் கணவரை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஹேசல் ஜான்சன் என்னும் தாய், 1979-இல் அம்மக்களை ஓர் அமைப்பாகத் திரட்டினார். தம் குடியிருப்பை அவர் 'நச்சு டோனட்' என்றார். நாம் உளுந்து வடையை நினைத்துக்கொள்ளலாம்: துளையில் மக்கள், சுற்றிலும் நஞ்சு. வீட்டுக் குழாய்களைச் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸை அகற்றக் கோரி 1986-இல் அங்கே எழுந்த போராட்டத்தில் பராக் ஒபாமா என்னும் இளைஞரும் உடன்நின்றார். அவர் பணியாற்றிய அமைப்பு அப்பகுதிக் கத்தோலிக்கப் பங்குகளின் துணையோடு உருவானது.

இத்தகைய குரல்களின் பயனாக, வறியோரும் சிறுபான்மையினரும் வாழும் பகுதிகளின் சுற்றுச்சூழல் நீதியைக் கருத்திற்கொள்ளுமாறு அரசுத் துறைகளைப் பணிக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் கிளின்டன் 1994 பிப்ரவரியில் கையொப்பமிட்டார். மறு ஆண்டு, நச்சுக் கழிவிடங்களுக்கு அருகே வாழும் இளைஞரைத் துப்புரவுத் தொழிலுக்குப் பயிற்றும் திட்டம் தேசிய சுற்றுச்சூழல் நலவியல் நிறுவனத்தின் பொறுப்பில் தொடங்கிற்று. கைவிடப்பட்ட ஆலை மனைகளைச் சீர்செய்யும் பயிற்சிக்குச் சுற்றுச்சூழல் காப்பு முகமை 1998 முதல் நிதி வழங்கத் தொடங்கியது.

என்ன கற்பிக்கிறார்கள்? முதலில் எழுத்தும் கணக்கும். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் பலர், சிறை சென்று மீண்டவர்களும் உண்டு. பின்னர் நச்சுக்கழிவுப் பணிக்கெனச் சட்டம் விதிக்கும் 40 மணிநேரப் பாடம். அதன்பின் மூன்று நாள் மேற்பார்வையில் களப்பணி. சுவாசக் கவசம் முகத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதிக்கிறார்கள். இடையில் தாடி இருந்தால் காற்று கசியும் என்பதால் மழித்தே தீரவேண்டும். ஆஸ்பெஸ்டாஸை உலர்ந்த நிலையில் தொடக்கூடாது. நீரால் நனைத்து, அறையைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, பெயர்த்ததை உறையிலிட்டுக் கட்டவேண்டும். அதன் இழை நெஞ்சுக்குள் புகுந்தால் நோய் வெளிப்பட இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். (நம் ஊர்களில் அதே பொருளைக் கூரையாக்கி அதன்கீழ் உறங்குகிறோம்.) பழைய வண்ணப்பூச்சில் உள்ள காரீயத்தைப் பற்றியும் சொல்லித் தருகிறார்கள். நம் பாட்டிமார் ரசம் வைத்த ஈயச் சொம்பு வெள்ளீயம். இது வேறு, குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது.

இவ்வறிவு சிறிதன்று. தன் குழந்தை ஏன் பாடத்தில் பின்தங்குகிறது என்பதற்குத் தன் வீட்டுச் சுவரே ஒரு காரணமாக இருக்கலாம் என்று வகுப்பறையில் அறியும் தாயை நினைத்துப் பார்ப்போம். வெளியூர் ஒப்பந்தக்காரர் வந்து கூலியை அள்ளிச் செல்வதைவிட, அக்கூலி அத்தெருவிலேயே தங்குவதும் நியாயமே. உழைப்புக்கு மாண்பு தருவது செய்யப்படும் பொருளன்று, செய்யும் மனிதரே என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் தம் சுற்றுமடலில் விளக்கினார். அந்த அளவுகோலில் கவச உடை அணிந்து நச்சுமண் அள்ளுபவர் எவருக்கும் தாழ்ந்தவரல்லர்.

ஆனால் அதே அளவுகோல் நம்மை உறுத்தவும் செய்கிறது. நச்சு மனைகளைச் சீர்செய்ய எண்ணெய், வேதிப்பொருள் நிறுவனங்களிடம் வரி வாங்கும் சட்டம் 1980-இல் வந்தது. அவ்வரி 1995 டிசம்பரோடு காலாவதியாக விடப்பட்டது. ஏழை இளைஞர் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட அதே ஆண்டு! கொட்டியவர் பணப்பையைச் சுருக்கிக்கொண்ட வேளையில், கொட்டப்பட்டவர் கையுறை அணிந்தார். 2021, 2022-ஆம் ஆண்டுகளின் சட்டங்களே அவ்வரியை மீண்டும் கொண்டுவந்தன. கிளின்டனின் ஆணையோ 2025 ஜனவரியில் நீக்கப்பட்டது.

நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. சாக்கடைக்குள் இறங்குவோரைப் பிறப்பே தெரிவுசெய்யும் நாட்டில் வாழ்கிறோம். அவர்களுக்குப் பாதுகாப்புக் கருவியும் பயிற்சியும் தரும் 'நமஸ்தே' திட்டத்தை மத்திய அரசு 2023-இல் தொடங்கியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் சாக்கடையில் இறப்போரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்ச ரூபாயாக உயர்த்தியது. இரண்டும் வேண்டியவையே. ஆயினும் ஒரே குலத்தாரையே மேலும் திறமையாக அதே குழிக்குள் இறக்குவதற்குப் பயிற்சி என்று பெயரிடலாமா?

ஆகவே எந்தப் பயிற்சியையும் நாம் ஒரு கேள்வியால் சோதிக்க விழைகிறோம்: கற்றவர் 'இங்கே நான் இறங்கமாட்டேன்' என்று சொல்ல முடிகிறதா? காற்றை அளக்கும் கருவி ஆபத்தைக் காட்டும்போது வேலையை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா, மேற்பார்வையாளரிடம் மட்டும் இருக்கிறதா? அமெரிக்கச் சட்டம் உடனடி உயிராபத்தில் மறுப்பவரை ஓரளவு காக்கிறது. ஆனால் வாடகை கட்டவேண்டிய மாதக் கடைசியில் எத்தனை பேர் மறுப்பார்கள்?

இன்னொன்றும் உண்டு. நஞ்சு நீங்கிய மனைக்கு விலை ஏறுகிறது. அருகிலுள்ள வீடுகளுக்கு வாடகையும் ஏறுகிறது. எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், எத்தனை பேர் வேலை பெற்றார்கள் என்று கணக்கெடுக்கிறார்கள். தாம் கழுவிக் கொடுத்த மண்ணுக்கு அருகே பத்தாண்டுகளுக்குப் பின்னும் குடியிருப்பவர் எத்தனை பேர் என்பதையும் யாரேனும் எண்ணிப் பார்க்கவேண்டும்.