காத்திருக்கப்படுபவர்

ஒருவரின் வேலைத்தலம் இன்னொருவரின் உல்லாசத்தலமாக இருப்பதில் தவறு ஏதும் உண்டா? இப்படி நேராகக் கேட்டால், "காசு கொடுத்துத்தானே போகிறோம், இதில் என்ன தவறு?" என்ற பதில் உடனே வந்துவிடும். என் மருமகனும் அதையே சொன்னார். அவர் கணக்காளர். எந்த விடயத்தையும் வரவு, செலவு என்ற இரண்டு நிரல்களில் எழுதிப் பார்ப்பவர். அந்தப் பதில் பிழையானதல்ல. ஆனால் அது போதாது என்பது என் எண்ணம். ஏன் போதாது என்பதை, 2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மகளின் குடும்பத்தோடு மூன்று நாட்கள் தங்கியிருந்த ஒரு மீன்பிடித் தீவை வைத்தே யோசித்துப் பார்க்க விரும்புகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மாநிலம் மேய்ன். அதன் கரையிலிருந்து ஏறத்தாழப் பத்து மைல் தள்ளி, அத்திலாந்திக் சமுத்திரத்தில் கிடக்கிறது மொன்ஹீகன். ஒரு சதுர மைல் பரப்புக்கூட இல்லை. போர்ட் கிளைட் என்ற கரையோரக் கிராமத்திலிருந்து படகில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். தார் வீதி கிடையாது. பயணிகளின் கார்கள் அங்கு போவதில்லை. சாமான் ஏற்றும் சில ட்ரக் வண்டிகள் மட்டும் மண்பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். வீடுகளும் துறையும் கரையைப் பார்த்த மேற்குப் பக்கத்தில். கிழக்கே திறந்த கடல், நூறு அடிக்கும் மேலே எழும்பி நிற்கும் கரும்பாறைகள். அந்தப் பக்கத்தில் கடலில் இறங்கவே கூடாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் எச்சரிக்கை சொல்லப்படுகிறது. அலை இழுத்துக்கொண்டால் மீட்க வழியில்லை. என் மகள் அங்கு நின்ற நேரமெல்லாம் பேரனின் சட்டைக் கொலரைக் கையிலிருந்து விடவில்லை. தெற்கு முனையில், 1948இல் கரைதட்டிய ஓர் இழுவைப் படகின் துருவேறிய இரும்புத் துண்டுகள் பாறைமேல் கிடக்கின்றன. பிள்ளைகள் அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

துறையடியில் சிங்க இறால் பிடிக்கும் கூடுகள் ஆளுயரத்துக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வர்ணம் பூசிய மிதப்புகள் கொட்டிற் சுவர்களில் தொங்கின. படகுகள் நங்கூரமிட்டு அசைந்தபடி நின்றன. எங்கள் பேரன் இதையெல்லாம் இரண்டு நாட்கள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டான்: "இந்த ஆக்களுக்கு வேலையே இல்லையா, மூத்தப்பா?"

நியாயமான கேள்வி. பையனுக்கு எட்டு வயது. கடலடியில் வாழ்பவர்கள் கடலுக்குப் போகாமல் இருந்ததை அவன் கவனித்துவிட்டான். அங்கு வந்து போகும் பெரியவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். படகும் கூடும் மிதப்பும் அவர்களுக்குக் காட்சியின் உறுப்புகள், அவ்வளவுதான்.

உண்மை என்னவென்றால் மொன்ஹீகன் மீனவர் கோடையில் சிங்க இறால் பிடிப்பதில்லை. 1907ஆம் ஆண்டு, தீவார் தாங்களே கேட்டுப் பெற்ற சட்டம் அது. கோடையில் சிங்க இறால் ஓடு கழற்றும்; புது ஓடு மென்மையாக இருக்கும்; விலையும் குறைவு. அந்தக் காலத்தில் அதை விட்டுவைத்தால் வளரும், குளிர்காலத்தில் கெட்டி ஓட்டோடு நல்ல விலைக்குப் போகும். மேய்ன் கரையின் மற்ற ஊரவர்கள் கோடை முழுவதும் பிடிக்கும்போது, இவர்கள் கூடுகளைக் கரையேற்றிவிட்டு, அத்திலாந்திக் கொந்தளிக்கும் பனிக்காலத்தில் கடலுக்குப் போகிறார்கள். முன்பு ஜனவரியில் தொடங்கிய பருவம், பின்னர் டிசம்பருக்கும் இப்போது ஒக்டோபருக்கும் முன்தள்ளப்பட்டிருக்கிறது. ஜூன் மாதத்தோடு முடிந்துவிடும். மாநிலச் சட்டம் ஒருவருக்கு 800 கூடுகள் வரை அனுமதிக்கும்போது, இவர்கள் அதிலும் குறைவான எல்லையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். கரையிலிருந்து வேறு மீனவர்கள் தங்கள் கடலுக்குள் நுழைந்தபோது பெரும் தகராறாகி, 1998இல் மாநிலச் சட்டசபை தீவைச் சுற்றியுள்ள கடலை இவர்களுக்கென ஒதுக்கிக் கொடுத்தது. ஆகவே ஓகஸ்டில் அங்கு சென்று சிங்க இறால் உண்பவர், அன்று காலை அந்தக் கடலில் பிடித்ததை உண்பதில்லை. இது ஒரு சிறு வேடிக்கை, பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

பெரிய விடயம் பருவத்தின் முதல் நாளில் இருக்கிறது. அன்று கூடுகளைத் துறைக்குச் சுமப்பதிலும் படகுகளில் ஏற்றுவதிலும் ஊரே நிற்கும். எல்லாப் படகும் ஒன்றாகவே புறப்பட வேண்டும். ஒருவர் சுகவீனமாகக் கிடந்தாலோ, ஒருவரின் இயந்திரம் பழுதாகிவிட்டாலோ மற்றவர்கள் அவருக்காகக் காத்திருப்பது வழக்கம். முதல் நாளின் பிடிதான் கொழுத்த பிடி என்பது எல்லாருக்கும் தெரியும். நல்ல இடம் முதலில் போனவனுக்கு என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே காத்திருக்கிறார்கள்.

இதைக் கேள்விப்பட்ட பிறகு, ஓர் ஊருக்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு விடை உருவானது. பிறந்தவரா, காணி உறுதி வைத்திருப்பவரா, பல தலைமுறையாக வாழ்பவரா? இந்த அளவுகோல்களால் நமது நாட்டில் எவ்வளவு இரத்தம் சிந்தப்பட்டது என்பதை நாம் அறிவோம். மொன்ஹீகனின் அளவுகோல் வேறு. தான் வராவிட்டால் மற்றவர்கள் புறப்படாமல் நிற்கிறார்களே, அவர்தான் அந்த ஊரவர். நேற்று வந்து குடியேறியவராக இருந்தாலும் அவருக்காகக் காத்திருப்பார்கள். எங்களைப் போன்றவர்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை, காத்திருக்கவும் தேவையில்லை. போர்ட் கிளைட் படகு நேர அட்டவணைப்படி புறப்படும். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவருவது பயணியின் பாடு. அதில் மனவருத்தம் கொள்ள இடமில்லை. விருந்தாளி என்பதன் இலட்சணமே அதுதான்.

ஆக, பார்க்க வருபவர் தன்னளவில் குற்றவாளி அல்லர். ஆனால் பார்த்தது பிடித்துப்போய் அதைச் சொந்தமாக்க நினைக்கும்போது என்ன ஆகிறது? இங்கேதான் ஒழுக்கப் பிரச்சினை தொடங்குகிறது.

அந்தத் தீவை உலகறியச் செய்தவர்கள் ஓவியர்கள். ரொபர்ட் ஹென்றியின் சொல் கேட்டு 1905இல் அங்கு வந்த ரொக்வெல் கென்ற்றை நமது இடதுசாரி நண்பர்கள் வேறொரு காரணத்துக்காக அறிந்திருக்கலாம். 1967இல் லெனின் சமாதானப் பரிசு பெற்ற அமெரிக்கர் அவர். இருபது வயது கடந்த இளைஞராக வந்த கென்ற், பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. கிணறு வெட்டினார், தச்சு வேலை செய்தார், சிங்க இறால் படகுகளில் உழைத்தார். 'கடலின் உழைப்பாளிகள்' என்று அவர் 1907இல் தீட்டிய ஓவியத்தில், பாறை மதில்களுக்குக் கீழே படகிலிருந்து வேலை செய்யும் மீனவர்கள் இருக்கிறார்கள். உழைத்த கையால் உழைப்பைத் தீட்டியவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனாலும் அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் தீட்டிய ஓவியங்களே அந்தத் தீவின்மீது ஆசையை வளர்த்தன. ஆசை வளர வளரக் காணி விலை ஏறியது. உழைப்பாளியைப் போற்றிய ஓவியம் அவன் வீட்டு விலையையும் ஏற்றிவிட்டது. கலைஞர்களாகிய நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நல்லெண்ணமும் விலையை ஏற்றும். மின்விளக்கால் பெயர்பெற்ற எடிசனின் மகன் தியடோர் எடிசன் 1954இல் ஒரு சங்கம் அமைத்து, தீவின் காட்டையும் பாறைகளையும் கட்டடங்களிலிருந்து காப்பாற்ற வழிசெய்தார். இன்று தீவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அப்படிப் பாதுகாக்கப்படுகிறது. அந்தக் காட்டுப் பாதையில் நடந்தவன் என்ற முறையில் அவருக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் வீடு கட்டக்கூடிய நிலம் மீதி ஒரு பங்குதான். வெளியூர்ப் பணக்காரரும் மீனவனின் மகனும் அந்த ஒரு பங்குக்காகவே போட்டியிட வேண்டும். யார் வெல்வார் என்பதற்கு ஆரூடம் தேவையில்லை. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மொன்ஹீகனின் சனத்தொகை 64.

நமது கிழக்குக் கரையிலும் இதன் வேறொரு வடிவத்தைக் கண்டோம். 2004 கடற்கோளுக்குப் பின் எங்கள் பக்கத்தில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் குடியிருக்கக்கூடாது என்றார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனால் தோணிக்காரனுக்கு ஆபத்தான கரை சுற்றுலா விடுதிக்கு மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போனது என்று அறுகம்பேயில் கேட்ட மக்களுக்கு, நான் அறிந்தவரை, எவரும் நேரான பதில் சொல்லவில்லை.

மருமகனின் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். "மாமா, சுற்றுலாக்காரர் வராமல் இருந்தால் இந்தத் தீவு இன்னும் கெதியாக வெறிச்சோடியிருக்கும்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஒரு நூற்றாண்டுக்கு முன் மேய்ன் கரையோரத்தில் வருடம் முழுவதும் ஆட்கள் வாழ்ந்த தீவுகள் சுமார் 300 இருந்தனவாம். இன்று எஞ்சியிருப்பவை 15 அளவில். மற்றவையெல்லாம் சுற்றுலாவால் காலியானவை அல்ல. பாடசாலையும் டொக்டரும் சம்பளமும் கரையில் இருந்தபடியால் ஆட்கள் கரைக்குப் போனார்கள். மொன்ஹீகனில் மீனவன் கோடையில் தச்சு வேலை செய்வதும், அவன் மனைவி விடுதியில் வேலை பார்ப்பதும் எங்களைப் போன்றவர்களின் காசில்தான். எனவே பயணியை விரட்டிவிட்டால் தீவு பிழைத்துக்கொள்ளும் என்று எவரும் எண்ண வேண்டாம்.

நான் மறுப்பது அதற்கு அடுத்த படியை. வருடத்தில் ஆறு கிழமை திறந்திருக்கும் வீடு, மீதி நாற்பத்தாறு கிழமையும் பூட்டிக் கிடக்கிறது. ஒக்டோபரில் கூடு சுமக்க அந்த வீட்டிலிருந்து ஆள் வராது. பாடசாலைக்குப் பிள்ளை வராது. அந்த வீட்டுக்காரர் சுகவீனமுற்றால் படகுகள் காத்திருக்கவும் மாட்டா, ஏனெனில் அவர் சுகவீனமுற்றது அங்கு யாருக்கும் தெரியவராது. பணம் கொடுத்து வாங்கிய அந்த இடம், காத்திருக்கப்படும் ஒருவருக்கு இல்லாமல் போய்விடுகிறது.

இரண்டாம் நாள் இரவு மகள் கைபேசியில் ஒரு வீட்டைக் காட்டினாள். மரவீடு, முன்னால் கடல். வாங்க வசதியில்லை, ஆசைக்குப் பார்த்ததுதான். நான் என் நியாயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"வாப்பா, இதை விக்கிறதும் ஒரு தீவு ஆளாகத்தானே இருக்கும். வயசுபோன காலத்தில் அந்த மனிசனுக்கு நல்ல விலை கிடைக்கப்படாதா? ஊர் நல்லா இருக்கோணும் என்று அவர் மட்டும் நட்டப்படோணுமா?"

இதற்கு நான் அங்கு பதில் சொல்லவில்லை. காற்று பலமாக வீசியது, ஜன்னலைச் சாத்தினோம்.

தீவார் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 2002இல் தொடங்கிய அவர்களது சமூகச் சங்கம் ஒன்று வீடும் காணியும் வாங்கி, வருடம் முழுவதும் அங்கு வாழ விரும்புபவருக்குக் கட்டுப்படியான விலையில் கொடுக்கிறது. நிபந்தனை ஒன்றுண்டு: திரும்ப விற்கும்போது சந்தை விலைக்கு விற்க முடியாது. மகளின் கேள்வி இதனால் தீர்ந்துவிடவில்லை. நட்டப்படுபவர் ஒருவர் இன்னமும் இருக்கிறார், அதுவும் குளிர்காலத்தில் கடலுக்குப் போகிறவராகவே இருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், கைச்சாத்திடும்போதே அவருக்கு அது தெரியும். அடுத்த ஒக்டோபரில் தனது படகு பழுதாகிக் கிடந்தால் துறையில் யார் யார் நின்று காத்திருப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.