மறுக்க முடியாத தூதர்

2016 அக்டோபர் 21 அன்று நியூயார்க்கிலுள்ள ஐ.நா. தலைமையகத்தில் ஒரு விழா நடந்தது. பெண்கள், சிறுமியர் மேம்பாட்டுக்கான கௌரவத் தூதராக ஒருவர் அறிவிக்கப்பட்டார். பிறந்து 75 ஆண்டுகள் ஆகியும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாதவர். பெயர் வொண்டர் வுமன். காமிக்ஸ் தாளில் பிறந்தவர் மேடைக்கு வர முடியாது என்பதால், தொலைக்காட்சியில் அவராக நடித்த லிண்டா கார்ட்டரும், வரவிருந்த திரைப்படத்தில் நடித்த கல் கடோட்டும், அவரை உடைமையாகக் கொண்ட டிசி நிறுவனத்தின் தலைவரும் வந்திருந்தார்கள். அரங்கிலிருந்த ஐ.நா. ஊழியர்கள் சிலர் எழுந்து, ஒன்றும் பேசாமல், மேடைக்கு முதுகு காட்டி நின்றார்கள்.

அந்த முதுகுகள் சொன்னது என்ன என்பதை நான் வெகுகாலம் தவறாகவே புரிந்துவைத்திருந்தேன்.

எதிர்ப்பு மனுவில் ஏறக்குறைய 45,000 பேர் கையெழுத்திட்டார்கள். வெள்ளைத் தோல், எந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத உடலமைப்பு, அமெரிக்கக் கொடியின் நிறங்களில் குறைவான ஆடை, இவள் எப்படி உலகப் பெண்களுக்கெல்லாம் அடையாளமாவாள் என்று மனு கேட்டது. பெண்ணை உடையை வைத்து அளக்கக்கூடாது என்று சொல்லிவரும் நாமே இப்படிப் பேசலாமா என்று மறுதரப்பு கேட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவளுக்கு முழுக்கால் சட்டை மாட்டிவிட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா? இல்லை என்றால் சிக்கல் உடையில் மட்டும் இல்லை.

குழந்தைகள் படிக்கும் படக்கதையில் ஏன் அரசியலைத் திணிக்கிறீர்கள் என்று கேட்பவர்களும் உண்டு. வொண்டர் வுமனைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1941இல் அவளை உருவாக்கிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். உலகை ஆளத் தகுந்த புதிய பெண்ணுக்கான பிரச்சாரமே இந்தப் பாத்திரம் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவருடனும் அவர் மனைவி எலிசபெத்துடனும் ஒரே வீட்டில் வாழ்ந்த ஆலிவ் பிர்ன், கருத்தடை உரிமைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கரின் தங்கை மகள். ஆலிவ் அணிந்திருந்த அகன்ற காப்புகள்தாம் வொண்டர் வுமனின் கைகளில் ஏறின. 1943இல் வந்த ஓர் இதழின் அட்டையிலேயே அவள் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிற்கிறாள். ஆனால் மார்ஸ்டன் எழுதாத இன்னொரு காமிக்ஸில், ஆண் நாயகர்களின் சங்கத்தில் சேர்ந்தபோது அவளுக்குக் கிடைத்தது செயலாளர் வேலை. அவர்கள் சண்டைக்குப் போவார்கள், இவள் குறிப்பெழுதுவாள். ஆக, இவள் மீது அரசியலை யாரும் பிற்பாடு பூசவில்லை. பிறந்த நாள் முதலே இவள் இழுபறியின் நடுவில்தான் இருந்தாள்.

எனவே நேசத்துக்குரிய நாயகியை அரசியலுக்குப் பயன்படுத்தலாமா என்பதல்ல என் கேள்வி. பயன்படுத்துவது யார்? அவளை முன்னே நிறுத்தும்போது அவளுக்குப் பின்னால் மறைவது எது?

1972 ஜூலையில் அமெரிக்காவின் மிஸ் இதழ் மாத இதழாக வெளிவரத் தொடங்கியபோது, அதன் அட்டையில் வொண்டர் வுமன் தெருக்களுக்கு மேலே பேருருவமாக நடந்துவந்தாள். அவளைக் குடியரசுத் தலைவராக்குவோம் என்றது அட்டை வாசகம். இதழை நிறுவியவர்களில் ஒருவரான குளோரியா ஸ்டைனம் சிறுவயதில் அந்தக் காமிக்ஸைப் படித்து வளர்ந்தவர். 1968இலிருந்து காமிக்ஸில் வொண்டர் வுமனின் ஆற்றல்களும் பழைய உடையும் பறிக்கப்பட்டு, அவள் துணிக்கடை நடத்திக்கொண்டிருந்தாள். தங்கள் பால்யத்தின் நாயகியை மீட்க அந்தப் பெண்கள் விரும்பினார்கள். அந்த அட்டைப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. நேசித்தவர்களே உரிமை கோரிய தருணம் அது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. அதே 1972இல் சாமுவேல் டெலானி என்ற கறுப்பின அறிவியல் புனைகதை எழுத்தாளர் வொண்டர் வுமனுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார். ஆண்டின் இறுதியில் வந்த அவருடைய கதையில் ஒரு பெரிய கடையின் முதலாளி, புதுயுகப் பெண்ணுக்கான தன் உடைகளை விற்க டயானாவின் முகத்தைக் கேட்கிறான். அந்தக் கடையில் வேலை பார்க்கும் பெண்களுக்கோ குறைந்தபட்சக் கூலிகூட இல்லை. பெண்கள் திரண்டு போராடுகிறார்கள்; கடை மூடப்படுகிறது. கடைசிப் பக்கத்தில், வேலையிழந்த பெண்கள் வந்து இப்போது எங்களுக்கு யார் சோறு போடுவது என்ற கோபத்தோடு நிற்கிறார்கள்.

அந்தக் கோபத்துக்கு விடை வரவேயில்லை. 1973இன் தொடக்கத்தில் வந்த அடுத்த இதழில் டயானாவுக்கு ஆற்றலும் பழைய உடையும் திரும்பிவிட்டன. கூலிக் கதை பாதியில் நின்றது. இதைத் தொடர்ந்து எழுதி, பெண் மருத்துவர்கள் நடத்தும் கருக்கலைப்பு மருத்துவமனையைக் காக்கும் போராட்டத்தில் முடிக்கத் திட்டமிட்டிருந்ததாக டெலானி பின்னாளில் சொன்னார். ஸ்டைனத்தின் தலையீட்டையே நிறுத்தத்துக்குக் காரணமாகவும் சொன்னார். ஸ்டைனம் அந்தக் கதையைக் கெடுக்க நினைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் நடந்தது நடந்ததுதான். கிரீடம் திரும்பி வந்தது, கூலிக் கேள்வி காணாமல் போனது. நல்ல மனதோடு செய்தாலும் குறியீடு இப்படி எதையாவது விழுங்கிவிடக்கூடும்.

இப்போது 2016க்குத் திரும்புவோம். அந்த விழாவுக்கு எட்டு நாட்களுக்கு முன்தான் ஐ.நா. பொதுச்சபை அடுத்த பொதுச்செயலாளராக அந்தோனியோ குட்டெரெஸை நியமித்திருந்தது. போட்டியிட்ட 13 பேரில் 7 பேர் பெண்கள். எழுபது ஆண்டுகளில் ஒரு பெண்கூட அமராத நாற்காலி அது. ரத்தமும் சதையுமாக, அனுபவத்தோடு, வாதங்களோடு வந்த ஏழு பெண்களைத் தாண்டிப் போன அமைப்பு, அடுத்த வாரமே ஓவியத்தில் இருக்கும் பெண்ணை மாலை போட்டு வரவேற்றது. அடுத்த கோடையில் அவளுடைய திரைப்படமும் வரவிருந்தது. முதுகு காட்டியவர்கள் உடையைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தூதர் என்றால் யார்? அனுப்பியவரின் சொல்லைச் சுமப்பவர். சொல் பொய்யானால் சுமக்க மறுக்கவும் கூடியவர். ஒரு நடிகையோ எழுத்தாளரோ கௌரவத் தூதரானால், நாளை அவர் எழுந்து, ‘என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள், அந்த ஏழு பெண்களில் ஒருவரைக்கூட ஏன் தேர்ந்தெடுக்கவில்லை?’ என்று கேட்க முடியும். பதவி விலகவும் முடியும். அந்தச் சாத்தியம்தான் அவர் சொல்லும் ‘ஆம்’ என்ற சொல்லுக்கு மதிப்பைத் தருகிறது. வொண்டர் வுமனிடம் உண்மையைப் பேசவைக்கும் கயிறு உண்டு; ஆனால் அதை எடுத்து வீச அவளுக்குச் சொந்தமாக ஒரு கை இல்லை. மறுக்க முடியாத பெண்ணைத்தான் அதிகாரம் எப்போதும் விரும்பி வந்திருக்கிறது. வானத்தில் பறப்பாள், குண்டுகளைத் தடுப்பாள், எதிர்த்து மட்டும் பேச மாட்டாள்.

இதில் நம்முடைய நேசமும் சம்பந்தப்பட்டிருக்கிறது. நாம் நேசித்த ஒருத்தியின் வாயால் நம்மிடம் பேசும்போது, நம் கேள்விகள் கொஞ்சம் கூச்சப்பட்டுப் பின்வாங்குகின்றன. நம் அன்பை நம்மிடமே கடன் வாங்கி, நம்மை அமைதிப்படுத்தச் செலவிடுகிறார்கள்.

இதை ஐ.நா.வை நோக்கிச் சொல்வது எளிது. எனக்கு அந்தத் தகுதி முழுதாக இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது வேலை பார்த்த கல்லூரியில், மகளிர் தினத்துக்கு மாணவிகள் ஒரு சுவரொட்டி வரைந்தார்கள். துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர் வொண்டர் வுமனின் கிரீடத்தோடும் காப்புகளோடும் துடைப்பத்தை ஏந்தி நிற்கும் படம். மிக அழகாக இருந்தது. அதற்குக் கீழே போட நான்தான் கவிதை எழுதிக் கொடுத்தேன். திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அக்கா படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“படம் நல்லாத்தான் இருக்கு மேடம். இந்தப் பொண்ணுக்கு ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துருமா?”

ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்த அவர்களுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்தது என் குற்றம். தினமும் அவரிடம் “நல்லாருக்கீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். பதிலுக்காக ஒருநாளும் நின்றதில்லை.

நாயகிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இல்லாமல் எந்தப் பெண் குழந்தை வளர்ந்தாள்? ஒரு கோரிக்கைக்குப் பக்கத்தில் நாயகி நிற்கலாம், அதன் கொடியைக்கூடப் பிடிக்கலாம். கோரிக்கை இருக்க வேண்டிய இடத்தில் அவள் நிற்கும்போதுதான் அறம் தவறுகிறது. எங்கள் படத்தில் கிரீடம் இருந்தது, துடைப்பம் இருந்தது, கவிதை இருந்தது. கேட்க வேண்டியது மட்டும் இல்லை.

ஐ.நா.வில் வொண்டர் வுமனின் பதவி இரண்டு மாதம்கூட நீடிக்கவில்லை. டிசம்பர் 16 அன்று முடிந்தது. அவளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் முடியாது.

எங்கள் கல்லூரியில் மறு ஆண்டு, என்ன எழுத வேண்டும் என்று மாணவிகள் அந்த அக்காக்களிடமே போய்க் கேட்டார்கள். அதே கிரீடம், அதே காப்பு. கீழே என் கவிதை இல்லை. ‘ஒண்ணாந்தேதி சம்பளம் வேண்டும்’ என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. முதல் சுவரொட்டி நிறம் வெளுக்கும்வரை ஒரு வருடம் தாழ்வாரத்தில் தொங்கியது. இரண்டாவது சுவரொட்டியை மூன்றாம் நாள் காலையில் காணவில்லை.