சங்கற்பமும் கொலைப்பழியும்

1975-இல் பிளாரிடா மாகாணத்துப் பண்ணை வீடொன்றில் முதிய தம்பதியர் இருவர் கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சற்றுத் தொலைவில் சாலையோரமாகக் காரை நிறுத்திக்கொண்டு, கொள்ளையர் தப்பிச் செல்வதற்காகக் காத்திருந்தவனுக்கும் மரண தண்டனையே விதிக்கப்பட்டது. அவன் சுட்டதற்கும் சான்றில்லை, கொல்ல எண்ணியதற்கும் சான்றில்லை. கொள்ளையினிடையே உயிர் போனால் அக்கொள்ளையில் கூடிய யாவரும் கொலைகாரரே என்னும் பழைய விதி அவனைப் பற்றிக்கொண்டது. 1982-இல் சுப்ரீம் கோர்ட்டு அவன் உயிரைக் காத்தது. எனினும் அவனைக் கொலைகாரனென்று கூறும் விதி அழியவில்லை.

பாபம் கரத்தில் பிறக்கிறதா, சித்தத்தில் பிறக்கிறதா? பொய்ச்சத்தியத்தைப் பற்றிப் பிரசங்கிக்கையில், மனம் குற்றப்படாதவரை நாவும் குற்றப்படாதென்ற கருத்தை அகஸ்டின் முனிவர் உரைத்தார். ஆங்கில நியாயசாஸ்திரத்தின் மூலதத்துவம் அவ்வுரையிலிருந்தே கிளைத்தது. அத்தத்துவத்தைப் போற்றிக்கொண்டே, ஒருவன் சங்கற்பியாத மரணத்தை அவன் சங்கற்பமாகவே பாவிக்கும் விதியையும் பல தலைமுறைகளாக வைத்திருந்ததை எந்தத் தர்மத்தைக் கொண்டு நியாயப்படுத்துவது? இங்கிலாந்து 1957-இல் அவ்விதியை நீக்கிற்று.

கலிபோர்னியா 2018-இல் அவ்விதியில் திருத்தம் செய்தது. கவர்னர் பிரௌன் கையொப்பமிட்ட அச்சட்டப்படி, தன் கையால் கொன்றவனும், கொல்லும் நோக்கத்தோடு துணைநின்றவனும், குற்றத்தில் முக்கியப் பங்கேற்று மனித உயிரைத் துச்சமாக மதித்தவனுமே கொலைகாரராவர். முன்னரே தண்டனையடைந்தவரும் மறுபரிசீலனை கோரலாம். கடமையிலிருந்த காவலர் இறந்தால் மட்டும் இவ்வரம்பு பொருந்தாதென்று வைத்த விலக்கு எனக்கு உடன்பாடன்று. இறந்தவர் இன்னாரென்பதால் குற்றவாளியின் உள்ளம் வேறாகிவிடாது.

கொள்ளையே நிகழாதிருந்தால் எங்கள் தந்தை உயிரோடிருப்பாரே என்று அழும் மக்களின் வாக்கு சத்தியமானது. அதனைப் புறக்கணிப்போர்க்குச் சீர்திருத்தம் பேசும் தகுதியில்லை. ஆயினும் அவ்வழுகை கேட்பது தந்தையின் உயிருக்கான கணக்கையன்றோ? அக்கணக்கைக் கொன்றவனிடம் கேட்பதே நியாயம். காரிலிருந்தவன் கொள்ளைக்குரிய தண்டனையை முழுமையாக ஏற்கட்டும், அத்தண்டனை கடுமையாகவும் இருக்கட்டும். கலிபோர்னியாவில் இத்தகையவன் கோரும் மறுபரிசீலனையின் விசாரணையில், இன்றைய சட்டப்படியும் அவன் கொலைக் குற்றவாளியே என்பதை ஐயந்திரிபற நிரூபிக்கும் பாரம் அரசுத் தரப்பினுடையது. அன்று அந்தக் காரில் அவன் உள்ளத்தில் இருந்தது யாதென்று நீதிமன்றம் அப்போதுதான் விசாரிக்கத் தொடங்குகிறது.