வலி தெரியாத கால்

பழனிக்கு நடந்து போயிருக்கிறீர்களா? கால் என்று ஒன்று நமக்கு இருப்பது இரண்டாம் நாள்தான் தெரியவரும்!

ஒரு தைப்பூசத்துக்கு, கம்பைநல்லூரில் கிளம்பிய கூட்டத்தோடு நானும் நடந்தேன். இருநூறு கிலோமீட்டருக்கு மேல், வெறுங்காலோடு. சேலம் வருவதற்குள் குதிகாலில் நெல்லிக்காய் அளவுக்குக் கொப்புளம். உட்கார்ந்தால் மானம் போய்விடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

கூட வந்த பெரியவருக்கு வலியே இல்லை. "முருகன் பாத்துக்கறான் தம்பி" என்றார். எனக்குப் பொறாமை.

ராத்திரி அவர் கால் கழுவும்போது பார்த்தால், உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு. சுற்றிலும் காய்ந்த ரத்தம். பல வருஷத்துச் சர்க்கரை. கால் மரத்துப் போயிருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குருசாமி என்னிடம், "நீயும் செருப்பைப் போடுப்பா. நேர்ந்துகிட்டது நடக்கறதுக்கு, காலை இழக்கறதுக்கு இல்ல" என்றார். போட்டுக்கொண்டேன்.

வேலூர் சி.எம்.சி.க்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளிடம் கண்டதும் இதைத்தான். வலி தெரியாததால் காயத்தின் மேல் காயம் பட்டே பெரும்பாலும் விரல்கள் போயின. வலி ஒரு வரம் என்று பிற்பாடு புத்தகமே எழுதினார்.

களைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம், எச்சரிக்கையைப் பொறுத்துக்கொள்வது வீரமா என்ன?

காலுக்கு மட்டுமா இது? முதல் தடவை பயணப்படியில் ஐம்பது ரூபாய் கூட்டி எழுதியபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்புறம் நன்றாகவே வந்தது. பழகிவிட்டது என்று நினைத்தேன்.

மரத்துப் போயிருந்தது. உங்களுக்கு எப்படி?