தகரத்துக்குச் சட்டை

சென்ற வாரம் எங்கள் வீட்டில் ஒரு சின்ன வழக்கு நடந்தது. வாதி நான், பிரதிவாதி என் மனைவி, வழக்குக்குக் காரணம், ஒரு பழைய பிஸ்கட் டின்.

பரணில் கிடந்த அதை எடுத்துக் கழுவி, வெயிலில் காய வைத்தாள். மைதா மாவைக் கரைத்துப் பசை காய்ச்சினாள். "துளி மயில்துத்தம் போட்டால் பூச்சி அரிக்காது" என்று, புத்தகம் பைண்டு செய்கிறவரிடம் கற்ற வித்தையை அவிழ்த்துவிட்டேன். "பருப்பு வைக்கப்போகிற டப்பாவுக்கு விஷமா?" என்று ஒரே வார்த்தையில் என்னை அடக்கிவிட்டாள். போன வருஷத்துச் சிவகாசிக் காலண்டரில் பூத்திருந்த தாமரைக் குளம், அளவாக வெட்டுப்பட்டு டின்னைச் சுற்றி ஏறிக்கொண்டது.

எனக்கோ உண்மையைப் பற்றி ஊருக்கு உபதேசம் செய்கிற தொழில். "தகரம் தகரமாகவே இருந்தால் என்ன? இது ஏமாற்று வேலை இல்லையா?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் பசைக் கையைக் கழுவப் போய்விட்டாள்.

கேள்வி மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. தகரம் என்பதுதான் என்ன? இரும்புத் தகட்டின் மேல் வெள்ளீயத்தை மெல்லிதாகப் பூசியது. 1810-இல் இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் என்பவர், தகரம் முதலிய கலங்களில் உணவை அடைத்துக் காக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அந்த ஈயப் பூச்சு இல்லாவிட்டால் இரும்பு துருப்பிடித்துப் போயிருக்கும். நான் 'உண்மை' என்று வாதாடியதே ஒரு போர்வைதான்! பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிப் புளிக்குழம்பு வைத்த நம் பாட்டிமாரை யார் பொய்க்காரர்கள் என்பார்கள்?

ஆனால், பூச்சில் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் இரும்பு துருவேறும். துருவைத் தேய்த்து எடுக்காமல் மேலே காகிதத்தை ஒட்டினால், பசையின் ஈரத்தையும் குடித்துக்கொண்டு அது உள்ளுக்குள்ளே வளரும். ஆகவே, காப்பதற்காக மூடுவது அறம். மறைப்பதற்காக மூடுவது பொய். இப்படித் தீர்ப்பெழுதி முடித்த நேரத்தில்தான் அம்மாவின் டின் நினைவுக்கு வந்தது.

மயில் படம் ஒட்டிய டின் அது. அலமாரியின் மேல்தட்டில் இருக்கும். அதில் பட்சணம் இருப்பதாகவே நாங்கள் நம்பினோம். கேட்டால், "தீபாவளிக்குத் திறக்கலாம்" என்பாள். அவள் கையில் வளையல் குறைந்தபோது, "கனமாக இருந்தது, கழற்றி வைத்தேன்" என்றாள். அதையும் நம்பினோம். அவள் போன பிறகு டின்னைத் திறந்தேன். உள்ளே அடகுச் சீட்டுகள். வட்டி கட்டியவை, மீட்டவை, மீட்காமலே முழுகிப்போனவை. தேதிகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் எனக்குச் சம்பளம் கட்டிய மாதங்கள். கல்லூரியில் சேர்ந்த வருஷம், கைக்கடிகாரம் வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அடம் பிடித்தேனே, அந்த மாதத்துக்கும் ஒரு சீட்டு இருந்தது.

அந்த மயிலைக் காப்பு என்பேனா, மறைப்பு என்பேனா? எங்களை அது காத்தது. அவளை அரித்துக்கொண்டிருந்த துருவை எங்கள் கண்ணுக்குக் காட்டாமலும் வைத்தது. தெரிந்திருந்தால் நான் கடிகாரம் கேட்டிருக்கமாட்டேன். தெரியக்கூடாது என்றுதானே அவள் மயிலை ஒட்டினாள்! அவளைப் பொய் சொன்னவள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எட்டாத உயரம் என்று நினைத்து ஒருநாளும் திறந்து பார்க்காத நான்தான் குற்றவாளியோ என்று தோன்றுகிறது.

எழுந்து சமையலறைக்குப் போனேன். தாமரை டின் காய்ந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன்.

"துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் ஒட்டினேன்" என்றாள் மனைவி.

"அது சரி. இந்த வீட்டில் நான் திறந்து பார்க்காத டப்பா வேறு ஏதாவது உண்டா?"

அவள் சிரித்தாள். "பருப்பு டப்பாவையே இன்றைக்குத்தானே திறந்து பார்க்கிறீர்கள்!"